ஓதம் பிடித்த சுவரையும் படம் எடுத்துப் போட்டேன்

வீட்டை விற்பது என்று முடிவானதும் நான் முதலில் செய்தது, போனில் அகலக் கோண லென்ஸை வைத்து எல்லா அறைகளையும் படம் பிடித்ததுதான். சின்னப் படுக்கையறை படத்தில் மண்டபம் மாதிரி தெரிந்தது. விளம்பரத்தைப் பார்த்துவிட்டு நிறையப் பேர் வந்தார்கள். அதில் ஒரு குடும்பம் கைக்குழந்தையோடு வெகுதூரத்திலிருந்து வந்திருந்தது. அந்த அம்மா கட்டிலுக்கும் பீரோவுக்கும் நடுவில் குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு நேராகப் போக முடியாமல், பக்கவாட்டில் திரும்பி நடந்தார். "படத்துல பெரிசா இருந்துச்சேங்க" என்றார். அவர் குரலில் கோபம் இல்லை, களைப்புதான் இருந்தது. அன்று இரவே அந்த விளம்பரத்தை எடுத்துவிட்டேன்.

சொந்த வீட்டுக்கு நாமே விளம்பரம் போடும்போது வீடு உள்ளபடி தெரிய வேண்டும் என்பதில் இப்போது உறுதியாக இருக்கிறேன். வாங்குகிறவர் எப்படியும் நேரில் வந்து பார்க்கத்தான் போகிறார். படத்தில் மறைத்தது வாசலைத் தாண்டியதும் தெரிந்துவிடும். அதற்கப்புறம் நாம் சொல்லும் உண்மையையும் அவர் சந்தேகத்தோடுதான் கேட்பார்.

படங்களை மறுபடி எடுத்தேன். லென்ஸைத் துடைத்துவிட்டு, சாதாரண கோணத்திலேயே, போனை நெஞ்சு உயரத்தில் சாய்க்காமல் பிடித்தேன். சாய்த்தால் சுவர்கள் சரிந்து விழுவதுபோல் வரும். கிழக்கு ஜன்னல் உள்ள அறையைக் காலையிலும் மேற்கு அறையை மாலையிலும் எடுத்தேன். இதற்கே இரண்டு நாள் ஆனது. அப்புறம் டேப்பை வைத்து ஒவ்வொரு அறையையும் அளந்து, கையாலேயே ஒரு வரைபடம் போட்டுச் சேர்த்தேன். பத்துப் படங்கள் சொல்லாததை அந்த ஒரு தாள் சொல்லிவிடும். எந்தக் கதவு எந்தப் பக்கம் திறக்கும், கட்டிலைப் போட்டால் எவ்வளவு இடம் மிஞ்சும் என்பதெல்லாம் அதில் இருக்கும். பரப்பளவு எழுதும்போது சுவருக்கு உள்ளே அளந்ததா, சுவரையும் சேர்த்ததா என்று தயவுசெய்து சொல்லிவிடுங்கள்.

விலைதான் எல்லாரும் தடுமாறும் இடம். 1987-இல் நார்த்கிராஃப்ட், நீல் என்ற இரண்டு ஆய்வாளர்கள், ஒரே வீட்டின் விவரங்களை, விற்பவர் கேட்கும் விலையை மட்டும் ஆளுக்கு ஒரு மாதிரி மாற்றிக் கொடுத்து மதிப்பிடச் சொன்னார்கள். அனுபவமுள்ள தரகர்களின் மதிப்பீடும் அந்த விலையை ஒட்டியே நகர்ந்தது. அதனால் ஏற்றிப் போடு, அப்புறம் குறைத்துக்கொள்ளலாம் என்று தெரிந்தவர்கள் எனக்கும் சொன்னார்கள். நான் ஒப்புக்கொள்ளவில்லை. அந்த ஆய்வில் கலந்துகொண்டவர்கள் அந்த வீட்டை மதிப்பிட்டே ஆக வேண்டும். இணையத்தில் தேடுகிறவர் இவ்வளவுக்குள் என்று ஒரு வரம்பு வைத்துத்தான் தேடுகிறார். அந்த வரம்பைத் தாண்டிய வீடு அவர் கண்ணிலேயே படாது.

ஒரு விஷயத்தில் மட்டும் எல்லாவற்றையும் காட்டாதீர்கள். சுவரில் மாட்டிய குழந்தைகள் படம், மேஜைமேல் கிடக்கும் பத்திரங்கள், ஆணியில் தொங்கும் சாவி, இவற்றையெல்லாம் எடுத்துவிட்டுப் படம் பிடியுங்கள். சாவியின் படத்தை வைத்தே மாற்றுச்சாவி செய்ய முடியும் என்று 2008-இல் சான் டியேகோவில் உள்ள கலிபோர்னியா பல்கலைக்கழகத்தில் செய்தே காட்டினார்கள். போனில் எடுத்த படக்கோப்புக்குள் இடத்தின் அட்சரேகை, தீர்க்கரேகைகூடப் பதிந்திருக்கலாம். இருப்பிடப் பதிவை அணைத்துவிட்டு எடுப்பது நல்லது.

சரி, அந்தச் சுவர். குளியலறையை ஒட்டிய சுவரில் முழங்கால் உயரத்துக்குப் பெயிண்ட் உப்பி உதிர்ந்திருந்தது. உள்ளே போகும் குழாய் கசிந்ததால் வந்த ஓதம். குழாயை மாற்றிவிட்டோம், சுவர் இன்னும் முழுசாகக் காயவில்லை. விற்கும்வரை பெயிண்ட் அடித்து மறைத்துவிடலாம் என்றார் சொந்தக்காரர் ஒருவர். எனக்கு மனசு வரவில்லை. ஈரச் சுவர்மேல் அடித்த பெயிண்ட் எப்படியும் உரியும், உரியும்போது அங்கே வேறொருவர் குடியிருப்பார். கிட்டத்தில் போய்ப் படம் எடுத்து, காரணத்தையும் குழாய் மாற்றிய மாதத்தையும் கீழே எழுதினேன்.

இந்த முறை மூன்று பேர்தான் வந்தார்கள். அதில் ஒருவர் ஹாலைக்கூடச் சரியாகப் பார்க்காமல், "அந்தச் சுவர் எங்கே?" என்று கேட்டார். குனிந்து, உள்ளங்கையை அதில் வைத்துக் கொஞ்ச நேரம் அப்படியே இருந்தார். குழாய் வேலை செய்தவரின் ரசீதைக் கேட்டு வாங்கிப் பார்த்தார். அன்று விலை பேசவில்லை. அடுத்த வாரம் தன் அப்பாவை அழைத்துக்கொண்டு வந்தார், அவரும் நேராக அந்தச் சுவரிடம்தான் போனார். இப்போது பேசிக்கொண்டிருக்கிறோம்.