'ரிங் ரிங்' பாட்டை ஸ்வீடிஷில் கேளுங்கள்

ஸ்வீடன் பாப் இசைக் குழுவான ஆபாவின் 'ரிங் ரிங்' என்றதும் எல்லோருக்கும் ஞாபகம் வருவது ஆங்கிலப் பாட்டுதான். ஸ்வீடிஷில் இருப்பதை ஏதோ ஒத்திகைப் பிரதி மாதிரி தீவிர ரசிகர்களே ஓரங்கட்டுகிறார்கள். 1973 பிப்ரவரி 10 அன்று ஸ்வீடன் தொலைக்காட்சியில் ஒலித்தது ஸ்வீடிஷ் பாட்டு. அந்த நாட்டு ஹிட் பாட்டுப் பட்டியலில் முதலிடத்துக்குப் போனதும் அதுதான். என் கட்சி இன்னும் கொஞ்சம் பிடிவாதமானது: இந்த மெட்டு ஸ்வீடிஷ் வாயில்தான் சரியாக உட்காருகிறது. காரணம் சொல்கிறேன்.

முழுத் தலைப்பு 'ரிங் ரிங் (பார தூ ஸ்லூக் என் சிங்னால்)'. காதலன் கூப்பிடவில்லை, பெண் போன் பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கிறாள். கதை அவ்வளவுதான். அடைப்புக்குறிக்குள் இருக்கும் வரியில் 'ஸ்லூக்' என்பது 'ஸ்லோ' என்ற வினைச்சொல்லின் இறந்தகால வடிவம். அதற்கு 'அடி' என்று பொருள். ஆளை அடிப்பதும், கடிகாரம் மணி அடிப்பதும், போனில் நம்பர் சுழற்றுவதும் எல்லாமே ஸ்வீடிஷில் இந்த ஒரே சொல். நாம் 'ஒரு போன் அடி' என்று சொல்கிறோமே, அதே அடிதான். இறந்தகாலத்தில் நிற்பதால் அது நடக்காத ஒன்றுக்கான ஏக்கமாகிவிடுகிறது: 'நீ ஒரு போன் அடிச்சா போதுமே'.

இப்போது உச்சரிப்பு. பாடிப் பார்க்க நினைப்பவர்கள் பெரும்பாலும் சறுக்குவது 'ரிங்' என்ற முதல் சொல்லிலேயே. தமிழில் ங் வந்தால் பின்னாலேயே க வந்து நிற்கும், அதனால் நம் வாய் தானாக 'ரிங்கு' என்று முடிக்கும். ஸ்வீடிஷில் அந்தக் க கிடையாது. அடிநாக்கு மேலே ஒட்டியபடியே நிற்க, மூக்கில் ங்... என்று இழுத்து அப்படியே விட வேண்டும். அடித்து முடித்த மணியின் ரீங்காரம் அது.

அடுத்தது 'சிங்னால்'. எழுத்தில் 'சிக்னல்'தான், நமக்குத் தெரிந்த அதே சொல். ஆனால் ஸ்வீடிஷில் உயிரெழுத்துக்குப் பின் க்-ன் சேர்ந்து வந்தால் க் போய் ங் ஆகிவிடும். அழுத்தம் கடைசி அசையில். ஆக, இந்த வரியின் உள்ளே மறுபடியும் ஒரு மணி. (பாடியவர்களில் ஒருவரின் பெயரையே அவர்கள் ஊரில் 'அங்னேத்தா' என்றுதான் சொல்வார்கள். நாம் 'அக்னேதா' ஆக்கிவிட்டோம்.) 'தூ'வில் இருக்கும் த, 'பந்து'வின் து போல மென்மையானது, ஆங்கில ட போட்டுப் பாடினால் கெட்டுவிடும். அதன் உயிர் சுத்தமான உ அல்ல. உதட்டைக் குவித்துக்கொண்டு நாக்கால் இ சொல்லப் பார்த்தால் கிட்டத்தட்ட வந்துவிடும்.

தத்தகாரம் போட்டுப் பார்த்தால் இன்னும் தெளிவு. அந்த வரியின் சந்தம் 'தானன தானன தா', ஏழு அசை. 'தா' விழும் மூன்று இடங்களிலும் ஸ்வீடிஷில் நெடில்தான்: பா, ஸ்லூ, னால். இழுக்க வேண்டிய இடத்தில் மெட்டும் சொல்லும் சேர்ந்தே இழுக்கின்றன. ஆங்கிலத்திலும் அந்த இடத்தில் ஏழு அசைதான், கணக்கு சரி. ஆனால் நடுத் 'தா'வில் 'கிவ்' என்ற குறில் வந்து நிற்கிறது, அதைப் பாடகிகள் இழுத்துச் சமாளிக்க வேண்டியிருக்கிறது. தமிழில் வேண்டுமானால் 'நீயொரு போனடித்தால்' என்று போட்டுப் பாருங்கள். பொருளும் சந்தமும் சொட்டுச் சிந்தாமல் வந்துவிடும். ஆங்கிலத்துக்கு அந்த அதிர்ஷ்டம் இல்லை.

ஆங்கில வரிகளை எழுதியவர்கள் சாமானியர்கள் அல்ல. அமெரிக்கப் பாட்டாசிரியர்கள் நீல் செடாகாவும் ஃபில் கோடியும். கைதேர்ந்த வேலைதான், மறுக்கவில்லை. ஆனால் அங்கே ஏக்கம் கேள்வியாகிவிட்டது: 'ஏன் கூப்பிட மாட்டேங்குற?' இது கிட்டத்தட்டச் சண்டைக்கு நிற்கிற குரல். 'கூப்பிட்டா போதுமே' என்பதில் சண்டை இல்லை.

ஆங்கிலத்துக்கு ஏன் போனார்கள் என்பதற்கும் ஒரு பின்னணி உண்டு. யூரோவிஷன் என்பது ஐரோப்பிய நாடுகள் ஆளுக்கொரு பாட்டோடு மோதும் போட்டி. 1965-இல் அதில் ஸ்வீடனின் இங்வர் விக்செல் ஆங்கிலத்தில் பாடினார். அடுத்த வருடமே அவரவர் நாட்டு மொழியில்தான் பாட வேண்டும் என்று விதி வந்தது. 1973-இல் அதைத் தளர்த்தினார்கள். ஆங்கிலத்தில் பாட்டு இருந்தால் ஐரோப்பாவையே பிடிக்கலாம் என்ற நிலை. ஸ்வீடிஷ் வரிகளில் பங்குகொண்டவரும் குழுவின் மேலாளருமான ஸ்டிக் ஆண்டர்சன் இதைக் கணக்கில் எடுக்காமல் இருந்திருந்தால்தான் ஆச்சரியம்.

சரி, ஒலிக்கு வருவோம். என்னைக் கேட்டால் இந்தப் பாட்டின் பாதி உயிர் இதில்தான்.

1973 ஜனவரி 10, ஸ்டாக்ஹோமின் மெட்ரோனோம் ஸ்டுடியோ. ஒலிப்பதிவாளர் மிக்கேல் ட்ரெட்டோவ் அப்போது அமெரிக்கத் தயாரிப்பாளர் ஃபில் ஸ்பெக்டரைப் பற்றி ரிச்சர்ட் வில்லியம்ஸ் எழுதிய புத்தகத்தைப் படித்திருந்தார். ஸ்பெக்டரின் வழி, ஒரே அறையில் பல பியானோ, பல கிட்டார் என்று ஆட்களைக் குவித்து ஒரு சுவர் போல ஒலியை எழுப்புவது. ஸ்டாக்ஹோமில் அத்தனை பேருக்குக் கூலி கொடுக்கக் காசில்லை. ட்ரெட்டோவ் அதே வாத்தியக்காரர்களை அதே பாட்டை இரண்டு முறை வாசிக்க வைத்தார். இரண்டாவது முறை டேப்பின் வேகத்தை இம்மியளவு மாற்றிவிட்டார்.

இது ஏன் வேலை செய்கிறது? டேப்பை 1 சதவீதம் மெதுவாக ஓட்டினால் முதல் பதிவு சுமார் 17 சென்ட் கீழே கேட்கும் (சென்ட் என்பது சுருதி வித்தியாசத்தின் அளவு. பியானோவில் அடுத்தடுத்த இரண்டு கட்டைகளுக்கு நடுவே 100 சென்ட்). வாத்தியக்காரர்கள் அந்த மெதுவான தாளத்தை ஒட்டி வாசிக்கிறார்கள், ஆனால் பியானோவின் சுருதி மாறாதே. பிறகு டேப்பைப் பழைய வேகத்தில் ஓட்டினால் தாளம் இரண்டுக்கும் ஒன்றாகவே இருக்கும், இரண்டாவது வாசிப்பு மட்டும் 17 சென்ட் மேலே நிற்கும். காது இதை இரண்டு பியானோவாக எடுத்துக்கொள்கிறது.

வீட்டுக் கணினியில் இதைச் செய்கிறவர்கள் வழக்கமாகச் செய்யும் முதல் தப்பு, ஒரே வாசிப்பை நகலெடுத்து ஒட்டுவது. அச்சு அசலாக ஒட்டினால் 6 டெசிபெல் சத்தம் கூடும், வேறு எதுவும் நடக்காது. நகலை 1 மில்லிசெகண்ட் தள்ளி வைத்தால் 500, 1500, 2500 ஹெர்ட்ஸ் என்று வரிசையாக ஒலியில் பள்ளம் விழுந்து தகர டப்பாவுக்குள் பாடினமாதிரி ஆகும். மறுபடி வாசித்தே ஆக வேண்டும், அதற்குக் குறுக்குவழி இல்லை. சுருதி வித்தியாசம் 8-இலிருந்து 15 சென்ட்டுக்குள் இருந்தால் அழகு. 25-ஐத் தாண்டினால் மட்டமான ஹோட்டல் பியானோ.

இரண்டாவது தப்பு, பேஸ் கிட்டாரையும் இரட்டிப்பது. 55 ஹெர்ட்ஸ் ஸ்வரத்தில் 10 சென்ட் வித்தியாசம் என்றால் இரண்டும் சேர்ந்து மூன்று செகண்டுக்கு ஒரு முறை வீங்கி வற்றும். கேட்பவருக்கு ஸ்பீக்கரில் கோளாறு என்றுதான் தோன்றும். அதே 10 சென்ட், 440 ஹெர்ட்ஸில் செகண்டுக்கு இரண்டரை அலை, அதுதான் மினுமினுப்பு. ஆகவே பேஸையும் பெரிய டிரம்மையும் ஒற்றையாகவே விடுங்கள். குரலை இரட்டிக்கும்போது முதல் குரலைக் காதில் மெல்லியதாக மட்டும் வையுங்கள், இல்லையென்றால் எந்தச் சுருதியைப் பிடிப்பது என்று பாடுபவர் தடுமாறுவார். சொல்லின் முடிவில் வரும் மெய்யெழுத்துகள் இரண்டு பதிவிலும் ஒரே நேரத்தில் முடிய வேண்டும். 'ரிங்' போன்ற சொல்லில் முடிவு ஒரு மூக்கொலி என்பதால் கொஞ்சம் முன்பின் ஆனாலும் மன்னிக்கும். ட், க் என்று முடிந்தால் மன்னிக்காது.

இவ்வளவு உழைப்பும் யூரோவிஷனுக்கான ஸ்வீடன் தேர்வுப் போட்டியில் மூன்றாமிடம்தான் வாங்கிக் கொடுத்தது. மார்க் போட்டது இசை நிபுணர்கள் குழு. பட்டியலில் முதலிடம் பிடிக்கும் பாட்டை மூன்றாவதாக வைக்க நிபுணர்களால்தான் முடியும். அடுத்த வருடமே அந்த முறையைக் கைவிட்டு, ஊர் ஊராகப் பொதுமக்கள் குழுக்களை வைத்தார்கள். 1974-இல் ஆபாவின் 'வாட்டர்லூ' ஜெயித்தது.

தேடும்போது கவனம். தலைப்பில் அடைப்புக்குறி வால் இருந்தால்தான் ஸ்வீடிஷ். ஆங்கிலத்தில் இரண்டு கலவைகள் (மிக்ஸ்) சுற்றுகின்றன: 1973-இன் மூலப் பதிவு ஒன்று, 'வாட்டர்லூ' வெற்றிக்குப் பிறகு 1974-இல் பிரிட்டனுக்காகக் கிட்டாரும் சாக்ஸபோனும் சேர்த்த கலவை ஒன்று. அந்தப் புதுக் கலவை பிரிட்டனில் 32-ஆம் இடம் வரைதான் போனது. ஸ்வீடிஷ் பாட்டோடு ஒப்பிட வேண்டுமானால் 1973 மூலத்தையே எடுங்கள், இரண்டிலும் ஒரே வாத்தியப் பின்னணி என்பதால் மொழி செய்யும் வித்தியாசம் தனியாகக் காதில் விழும். சாக்ஸபோன் இருப்பதை எடுத்தால் அந்த இரட்டைப் பியானோ அடியில் போய்விடும்.