ஹெல்சிங்கிக்குப் பிறகும் ஸாட்டோபெக் இருக்கிறார்

செக்கோஸ்லோவாக்கிய ஓட்டப்பந்தய வீரர் எமில் ஸாட்டோபெக்கைப் பற்றிய கட்டுரையை 1952 ஹெல்சிங்கி ஒலிம்பிக்கோடு முடித்துவிட்டீர்களே! 5,000 மீட்டர், 10,000 மீட்டர், அதுவரை ஓடியே இராத மாரத்தான், மூன்றிலும் தங்கம். பெரிய சாதனைதான், மறுக்கவில்லை. ஆனால் என்னை உலுக்கியது அதன் பிறகு நடந்தவை. 1966இல், ஒலிம்பிக் தங்கமே கிடைக்காத ஆஸ்திரேலிய வீரர் ரான் கிளார்க்கை வழியனுப்பும்போது, தன் ஹெல்சிங்கி தங்கம் ஒன்றைச் சின்னப் பொட்டலமாகக் கையில் கொடுத்துவிட்டார். கிளார்க் பிரித்துப் பார்த்தது பிறகுதான். யாருக்கு வரும் அந்த மனசு? 1968இல் சோவியத் படைகள் தன் நாட்டுத் தலைநகர் பிராகுக்குள் நுழைந்ததை வெளிப்படையாக எதிர்த்தார். ராணுவப் பதவி போனது. நாடே கொண்டாடிய மனிதர் கூலி வேலை செய்தார். மனைவி டானாவும் அதே ஹெல்சிங்கியில் ஈட்டி எறிதலில் தங்கம் வென்றவர். இவற்றையும் எழுதுங்கள் ஐயா.