கார்ட்ரிட்ஜ் இருக்கிறது, சளி வந்து சேரவில்லை

சுகாதார நிதி குறைந்தால் முதலில் நிற்பது மருந்து என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். லேப்பில் வேலை பார்க்கிற என்னைக் கேட்டால், அதற்கும் முன்னால் நிற்பது பைக் என்பேன்.

உகாண்டாவில் கிராமத்து சுகாதார நிலையத்தில் எடுத்த சளியையும் ரத்தத்தையும் பைக்கில் ஒருவர் வந்து வாங்கிப்போவார். ரிசல்ட்டும் அதே வழியில் திரும்பும். ஹெச்ஐவி உள்ள தாய்க்குப் பிறந்த குழந்தையை எடுத்துக்கொள்ளுங்கள். தாயின் ஆன்டிபாடி பதினெட்டு மாதம் வரை குழந்தையின் உடம்பில் இருக்கலாம் என்பதால் ஆன்டிபாடியைத் தேடும் சாதாரண கிட் உதவாது. குதிகாலில் குத்தி, அட்டையில் சில சொட்டு ரத்தம் விட்டு, காயவைத்து, வைரஸையே தேடும் பிசிஆர் டெஸ்ட் செய்யும் லேப்புக்கு அனுப்ப வேண்டும். தொற்று இருந்து சிகிச்சை கிடைக்காவிட்டால் ஏறக்குறைய பாதிக் குழந்தைகள் இரண்டு வயதுக்குள் இறந்துவிடுகின்றன.

2025 ஜனவரி 20 அன்று அமெரிக்கா வெளிநாட்டு உதவியை நிறுத்தியது. கொஞ்ச நாளில் உயிர்காக்கும் ஹெச்ஐவி சேவைகளுக்கு விலக்கு வந்தது; அதில் லேப் சேவையும் உண்டு. ஆனால் ஆட்களை வீட்டுக்கு அனுப்பி, பட்டுவாடாவும் முடங்கிய பிறகு விலக்குக் கடிதத்தைக் காட்டி பெட்ரோல் போட முடியுமா?

சரி, பணம் குறைந்துவிட்டது. எதை வைத்துக்கொள்வது, எதை விடுவது? எல்லா டெஸ்ட்டையும் அரைகுறையாக ஓட்டுவதைவிடச் சிலவற்றை முழுதாகச் செய்யலாம். ஹீமோகுளோபின், ரத்த வகை, கிராஸ்மேட்ச் (ஏற்றப்போகும் ரத்தம் பொருந்துமா என்று பார்ப்பது), சர்க்கரை, கிரியாட்டினின் (சிறுநீரகத்துக்கு), மலேரியா, காசநோய், ஹெச்ஐவி: இவை நிற்கவே கூடாது. வைட்டமின் டி காத்திருக்கட்டும். அத்தியாவசியப் பரிசோதனைகளுக்கென்று உலக சுகாதார நிறுவனம் 2018 முதல் பட்டியலே வெளியிடுகிறது.

கை வைக்கக்கூடாத இன்னொன்று கன்ட்ரோல். காலையில் முதல் நோயாளியின் சாம்பிளுக்கு முன்னால் அளவு தெரிந்த திரவத்தை மெஷினில் ஓட்டிப் பார்ப்போம். எண் வரம்புக்குள் வராவிட்டால் அன்றைக்கு யார் ரிசல்ட்டையும் நம்ப முடியாது. ஆனால் அதற்கு பில் கிடையாது. அதனால் கணக்குப் பார்ப்பவர் கண்ணுக்கு அது வீண்செலவு. சிக்கனம் என்றதும் “வாரம் ஒரு தடவை போட்டால் போதாதா?” என்று ஒரு குரல் எழும்பும். நம் ஊரிலும் அதைக் கேட்டிருக்கிறேன்.

மிச்சம் பிடிக்க நல்ல வழி இருக்கிறது. ஜீன்எக்ஸ்பெர்ட் என்ற மெஷின் ஒன்றே, சாம்பிள் போடும் கார்ட்ரிட்ஜை மட்டும் மாற்றினால், காசநோய், ஹெச்ஐவி வைரல் லோடு (ரத்தத்தில் வைரஸின் அளவு), குழந்தைக்கான டெஸ்ட் எல்லாம் செய்யும். ஆனால் தனித்தனித் திட்டப் பணத்தில் வாங்கினால் ஓர் அறையில் மெஷின் சும்மா இருக்கும், பக்கத்து அறையில் சாம்பிள் குவியும். சுவரை இடித்தாவது ஒன்றாக்குங்கள். காசநோய் கார்ட்ரிட்ஜ் விலை அதிகம் என்று (2023-இல் 9.98 டாலரிலிருந்து 7.97-க்கு இறங்கியது) மைக்ராஸ்கோப்புக்குத் திரும்பிவிடாதீர்கள். ஸ்லைடு பாதிப் பேரைக் கோட்டைவிடும், மருந்துக்குக் கட்டுப்படாத காசநோயையும் காட்டாது. கோவாவில் தயாராகும், பேட்டரியில் ஓடும் ட்ரூநாட் என்ற காசநோய் டெஸ்ட்டை உலக சுகாதார நிறுவனம் 2020-இல் அங்கீகரித்துவிட்டது. போட்டி வந்தால் விலை இன்னும் இறங்கும்.

நோயாளியிடமே கட்டணம் வாங்கலாமே என்பவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. காசு கேட்டால் இருமல்காரர் லேப் பக்கம் வரமாட்டார், பஸ்ஸில் உட்கார்ந்து இருமுவார்.

2001-இல் நைஜீரியத் தலைநகர் அபுஜாவில் ஆப்பிரிக்க நாடுகள் பட்ஜெட்டில் 15 சதவீதம் சுகாதாரத்துக்கு என்று உறுதி கொடுத்தன. பெரும்பாலானவை அதை எட்டவில்லை. நைஜீரிய நாடாளுமன்றம் 2025 பிப்ரவரியில் கூடுதலாக 20 கோடி டாலர் ஒதுக்கியது நல்ல ஆரம்பம். ஆனால் டெக்னீஷியன் சம்பளம், மெஷின் பராமரிப்பு, அந்த பைக் பெட்ரோல் எல்லாம் மாதாமாதம் வரும் செலவு. ஒருமுறை ஒதுக்கீட்டில் அது ஓடாது.

அப்புறம், தட்டம்மைக்கான 700-க்கும் மேற்பட்ட லேப்களின் உலக வலையமைப்பு அமெரிக்கப் பணத்தை மட்டுமே நம்பியிருந்தது. அது மூடப்படும் நிலை என்று 2025 மார்ச்சில் உலக சுகாதார நிறுவனம் எச்சரித்தது. ஒரே நாட்டின் தலையில் அதைக் கட்டிவிட்டு நாமெல்லாம் சும்மா இருந்தது எந்த ஊர் நியாயம்? கிண்டி கிங் இன்ஸ்டிட்யூட்டும் தட்டம்மை சாம்பிள் பார்க்கிற இடம்தான். அந்தச் செலவில் இந்தியாவும் ஒரு பங்கை ஏற்கலாம்.