தீபாவளிக்கு மலையேறும் வீடு

எங்கள் வீட்டில் தீபாவளிக்குப் பட்டாசு வாங்கி ஒன்பது வருஷம் ஆகிறது. அன்றைக்கு விடியும் முன்பே எண்ணெய் தேய்த்துக் குளித்து, இட்லியைக் கட்டிக்கொண்டு, அரூர் வழியாகத் தருமபுரி மாவட்டத்துத் தீர்த்தமலைக்குக் கிளம்பிவிடுவோம். சொந்தக்காரர்கள் இதைப் பக்தி என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்கள்.

அப்பா 24 வருஷம் ராணுவத்தில் இருந்து ஹவில்தாராகப் பென்ஷனில் வந்தவர். நடுவில் சியாச்சின் பனிமலையிலும் இருந்தார். வந்த புதிதில் கேன்டீன் சரக்கு கேட்டு வீட்டுக்கு வராத ஆளில்லை. ராத்திரி மூன்று மணிக்கு அவர் எழுந்துபோய் கேட் பூட்டை இழுத்துப் பார்ப்பது எங்களுக்கு மட்டும்தான் தெரியும். படுப்பார், மறுபடி எழுந்து இழுப்பார். தீபாவளி வந்தால் கிணற்று மோட்டார் ரூமுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்வார். சாப்பாட்டை அம்மா அங்கேயே கொண்டுபோய் வைப்பார். "லீவில் வந்துட்டுப் போன மனுஷன் வேற, இப்ப வந்திருக்கிறது வேற ஆளு" என்று அம்மா ஒருமுறை என்னிடம் சொன்னார்.

டாக்டரிடம் போகலாம் என்றால், "எனக்கென்ன பைத்தியமா?" ஒரு ஜோசியர் பரிகாரம் என்று பதினெட்டாயிரம் கறந்தார். பூட்டுச் சத்தம் நிற்கவில்லை. கடைசியில் அம்மா ஒரு வேண்டுதலைப் போட்டார்: குடும்பத்தோடு தீர்த்தமலை ஏற வேண்டும், நீங்க வரலைன்னா பலிக்காதுங்க. அப்பா முணுமுணுத்துக்கொண்டே வந்தார். "நான் சாமி கும்பிட வரல பாப்பா, உங்கம்மாவுக்குத் துணைக்கு வர்றேன்."

நான் சொல்ல வருவது இதைத்தான். சிகிச்சை என்றால் வராத மனுஷன் வேண்டுதல் என்றால் வருவார். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. யாருக்காகப் போகிறோம் என்றுகூட வெளியே சொல்ல வேண்டியதில்லை.

அமெரிக்காவில் ஏர்ல் ஷாஃபர் என்றொருவர் இருந்தார். இரண்டாம் உலகப்போரில் பசிபிக் பக்கம் இருந்தவர். சேர்ந்து நடக்கலாம் என்று திட்டம் போட்டிருந்த நண்பர் இவோ ஜிமா தீவுச் சண்டையில் செத்துப்போனார். ஷாஃபர் 1948இல் அப்பலாச்சியன் மலைப்பாதை முழுவதையும், மூவாயிரம் கிலோமீட்டருக்கு மேல், தனியாக நடந்து முடித்தார். போரை உடம்பிலிருந்து நடந்தே இறக்கத்தான் அந்த நடை. இன்றைக்கு அங்கே முன்னாள் வீரர்களையும் அவர்கள் குடும்பத்தையும் மலைக்குக் கூட்டிப்போய், நடந்து, பிரார்த்தனை செய்து திரும்பும் குழுக்கள் இருக்கின்றன. படித்தபோது, இது நம்மூரிலேயே இருக்கிறதே என்றுதான் தோன்றியது.

தீர்த்தமலையின் கதையே அப்படித்தான். இராவணனைக் கொன்றுவிட்டுத் திரும்பும் வழியில் இராமர் இங்கே சிவபூஜை செய்ய நின்றாராம். கங்கை நீர் எடுக்கப்போன அனுமன் வரத் தாமதமாகிவிட, மலையில் அம்பு விட்டுத் தண்ணீர் வரவழைத்தாராம். பிந்தி வந்த அனுமன் கோபத்தில் வீசிய தண்ணீர் விழுந்த இடம்தான் தென்பெண்ணைக் கரையில் இருக்கும் அனுமன் தீர்த்தம். ஜெயித்து வந்தவருக்கும் ஊர் போய்ச் சேரும் முன்னால் ஒரு மலை தேவைப்பட்டிருக்கிறது.

ஏறும்போது அப்பா படிக்கு இத்தனை பேர் என்று எங்களை வரிசையில் விடுவார். பாதியில் நிறுத்தி, "ரெண்டு மடக்கு, அதுக்கு மேல வேண்டாம்" என்று பாட்டிலைப் பிடுங்கிக்கொள்வார். வீட்டில் எதிலும் ஒட்டாத மனுஷன் படிக்கட்டில் பொறுப்பெடுத்துக்கொண்டார். முகம் பார்த்து உட்கார்ந்தால் வராத பேச்சு, முன்னும் பின்னுமாக மூச்சிரைக்க நடக்கும்போது வருகிறது. அந்த முதல் வருஷம் ராமர் தீர்த்தத்தில், பாறையிலிருந்து தலையில் தண்ணீர் விழ நின்றவர், யாரிடமோ சொல்வதுபோல, "அங்க ஒரு மக்கு தண்ணிக்கு ஸ்டவ் வச்சுப் பனிக்கட்டியை உருக்கணும்" என்றார். சியாச்சின் பற்றி நாங்கள் கேட்ட முதல் வாக்கியம் அது. அம்மா ஈரப்புடவையோடு அப்படியே நின்றார். மேலே ஒன்றும் கேட்கவில்லை. நல்லவேளை.

அப்புறம் கிருஷ்ணகிரியில் இருக்கும் அவருடைய பட்டாளத்து நண்பர் ஒருவர், அந்த ஊரில் உள்ள சையத் பாஷா மலைக்குக் கூப்பிட்டார். அங்கே தர்காவிலும் அப்பா அதே மாதிரிதான் நின்றார். ராணுவ முகாம்களில் ஒரே கூரையின் கீழ் எல்லா மதத்துக்குமான சர்வ தர்ம ஸ்தலம் உண்டு. அந்தப் பழக்கம். எந்தச் சாமி என்பதில் ஊருக்குத்தான் சண்டை.

தருமபுரி, கிருஷ்ணகிரி என்ற நம் இரண்டு மாவட்டத்துக்கும் இது புதிதும் இல்லை. ஆநிரை மீட்கப்போய்ச் செத்தவனுக்கு நட்ட கல்லை வேடியப்பன் என்று கும்பிடுகிற ஊர் இது. செத்தவனுக்குக் கல்லும் படையலும் வைத்தோம். உயிரோடு திரும்பியவனுக்கு நம்மிடம் இருந்தது கேன்டீன் பில் மட்டும்தான்.

மலை ஏறினால் எல்லாம் சரியாகிவிடும் என்று யாராவது எழுதினால் நம்பாதீர்கள். நான்காவது வருஷம் அப்பாவே டாக்டரிடம் போனார். மாத்திரை சாப்பிடுகிறார். பூட்டை இப்போதும் ஒருமுறை இழுத்துப் பார்ப்பார், ஒரே ஒருமுறை. ராத்திரியில் வீட்டில் யாருக்காவது தாங்கமுடியாமல் போனால் 14416 என்ற டெலி மானஸ் (அரசின் மனநல உதவி) எண்ணுக்குப் பேசலாம், தமிழிலேயே. சாமி கோபித்துக்கொள்ளாது.

இந்தத் தீபாவளிக்கும் போகிறோம். பட்டாளத்து வீடு யாராவது வருவதானால் மனைவி, பிள்ளைகளோடு வாருங்கள், தனியாக வேண்டாம். வெயிலுக்கு முன்னால் ஏறிவிட வேண்டும். மேலே குரங்குகள் அதிகம், கையில் பாலிதீன் பை தெரியக்கூடாது. இதை அப்பா எழுதச் சொன்னார்.