காப்பியடித்தது யார்?

அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரில் ஃப்ரோசன் கஸ்டர்ட் (ஐஸ்கிரீம் மாதிரி ஒன்று) விற்கும் டெட் ட்ரூஸ் கடை 1941-இல் ரூட் 66 நெடுஞ்சாலையோரம் தொடங்கியது, அங்கே விற்கும் 'கான்கிரீட்' என்ற கெட்டி மில்க் ஷேக், டெய்ரி குவீன் ஐஸ்கிரீம் கம்பெனியின் அதே மாதிரிப் பண்டமான பிளிசார்டைப் பார்த்துச் செய்தது என்று உங்கள் பதிவில் எழுதியிருக்கிறீர்கள். இரண்டுமே சரியில்லை.

1941 என்பது செயின்ட் லூயிஸில் சிப்பெவா தெருக் கடை திறந்த வருடம். இன்று கூட்டம் மொய்ப்பது அங்கேதான், அதனால் குழப்பம் வந்திருக்கலாம். ஆனால் அப்பா டெட் ட்ரூஸ் (மகனுக்கும் அதே பெயர்தான்) முதல் கடையைப் போட்டது 1929-இல், அதுவும் புளோரிடாவில். மறுவருடம் செயின்ட் லூயிஸ். 1931-இல் அங்கேயே சவுத் கிராண்டில் இன்னொன்று.

கான்கிரீட் விஷயம் அப்படியே தலைகீழ். கெட்டியான மில்க் ஷேக் வேண்டும் என்று ஒரு பையன் விடாமல் நச்சரிக்க, மகன் ட்ரூஸ் 1959-இல் செய்து கொடுத்தது அது. கப்பைக் கவிழ்த்தாலும் கீழே விழாது. கவிழ்த்துக் காட்டித்தான் கையில் தருவார்கள். பிளிசார்ட் வந்தது 1985-இல். செயின்ட் லூயிஸில் டெய்ரி குவீன் கடைகள் நடத்தியவர் ஒருவர் இந்தக் கான்கிரீட்டுக்கு இருந்த மவுசைப் பார்த்துத் தன் கம்பெனிக்குச் சொன்ன யோசனை அது. அப்போ யார் யாரைக் காப்பியடித்தார்கள்?

அப்புறம், 'நம்ம கஸ்டர்ட் பவுடர்தானே' என்று ஒருவர் கேட்டிருந்தார். இல்லை. இந்த ஃப்ரோசன் கஸ்டர்டில் முட்டை மஞ்சள் கரு உண்டு; அமெரிக்கச் சட்டப்படி மஞ்சள் கருவின் திடப்பொருள் கஸ்டர்டின் மொத்த எடையில் 1.4 சதவீதமாவது இருக்க வேண்டும்.

குளிர்காலத்தில் அதே குடும்பம் கிறிஸ்துமஸ் மரம் விற்கும் என்று நீங்கள் சொன்னது மட்டும் உண்மை.