ஐரோப்பாவுக்குக் கொலு பொம்மை அனுப்புகிறவர்கள் முதலில் வாங்க வேண்டியது முகவரி அல்ல

ஜெர்மனிக்கும் பிரான்ஸுக்கும் பொம்மை, செப்புச் சாமான் (குழந்தைகள் விளையாடும் குட்டிச் சமையல் பாத்திரம்) விற்கிற சிறு ஆன்லைன் கடைக்காரர்கள் குழுக்களில் திரும்பத் திரும்ப வரும் கேள்வி: "ஜிபிஎஸ்ஆருக்கு அட்ரஸ் யாரிடம் மலிவாகக் கிடைக்கும்?" ஜிபிஎஸ்ஆர் என்பது ஐரோப்பிய ஒன்றியத்தின் பொருள் பாதுகாப்புச் சட்டம்; அதன்படி ஒன்றியத்துக்குள் ஒரு பொறுப்பாளரின் முகவரியைக் காட்ட வேண்டும். ஆனால் முகவரி கடைசி வேலைங்க. அதற்கு முன்னால், பொருளில் என்ன ஆபத்து இருக்கிறது என்று மதிப்பிட்டு எழுதிய ஒரு கோப்பு இருக்க வேண்டும். அந்தக் கோப்பு இல்லாமல் வாங்கும் முகவரி, வண்டியே இல்லாமல் எடுத்த நம்பர் பிளேட்.

ஐரோப்பிய ஒன்றியத்தின் பொதுப் பொருள் பாதுகாப்புச் சட்டம் (ஜிபிஎஸ்ஆர், எண் 2023/988) 2024 டிசம்பர் 13 முதல் நடைமுறையில் இருக்கிறது. உணவு, மருந்து, உயிருள்ள செடி, பழம்பொருள் போன்ற சில விலக்குகளைத் தவிர, நுகர்வோருக்கு விற்கும் எல்லாப் பொருளுக்கும் பொருந்தும். கையால் செய்தது, மாதம் நாலு பார்சல்தான் போகிறது என்ற சலுகை எதுவும் கிடையாது. ஒன்றியத்துக்குள் முகவரி உள்ள ஒரு பொறுப்பாளர் வேண்டும். விற்பனைப் பக்கத்திலேயே தயாரிப்பாளர் பெயர், அஞ்சல் முகவரி, மின்னஞ்சல், பொறுப்பாளரின் அதே விவரங்கள், பொருளின் படம், அடையாள எண், எச்சரிக்கை வாசகம் எல்லாம் தெரிய வேண்டும். எச்சரிக்கை அந்தந்த நாட்டு மொழியில்.

இதில் பலர் கவனிக்காத இடம், "தயாரிப்பாளர்" யார் என்பது. விளாச்சேரியிலோ பண்ருட்டியிலோ மொத்தமாக எடுத்து, உங்கள் பிராண்டு ஸ்டிக்கர் ஒட்டி விற்றால் சட்டத்தின் கண்ணில் தயாரிப்பாளர் நீங்கள்தான். களிமண் பிசைந்தவர் அல்ல. ஆபத்து மதிப்பீடு எழுதுவதும், அதை 10 வருடம் வைத்திருப்பதும் உங்கள் தலையில்.

கொலு பொம்மைக்கு அந்த மதிப்பீட்டில் முதல் வரி பெயின்ட். பொதுமக்களுக்கு விற்கும் பொருளில், குழந்தை வாயில் வைக்கக்கூடிய பகுதியில் ஈயம் எடையில் 0.05 சதவீதத்தைத் தொடக்கூடாது, அதாவது 500 பிபிஎம் (பத்து லட்சத்தில் 500 பங்கு). வாயில் வைக்கக்கூடியது என்றால் என்ன? ஏதாவது ஒரு பக்கம் 5 செ.மீ.க்குக் குறைவாக இருந்தாலோ, அந்த அளவில் கழன்று வரும் அல்லது நீட்டிக்கொண்டிருக்கும் பகுதி இருந்தாலோ போதும். ஒரு அடி உயர கிருஷ்ணர் பெரிய பொம்மைதான், ஆனால் அவர் கையிலுள்ள புல்லாங்குழல் நீட்டிக்கொண்டிருக்கிறதே. செட்டியார் பொம்மை முன்னால் இருக்கும் தராசு, குட்டிக் கூடைகளைப் பற்றிச் சொல்லவே வேண்டாம்.

இந்தியாவில் வீட்டு, அலங்கார பெயின்டுகளுக்கு ஈய வரம்பு 90 பிபிஎம்; 2017 நவம்பரிலிருந்து அமலில் உள்ளது. ஆனால் அந்த விதி தொழிற்சாலை உபயோக பெயின்டுக்குப் பொருந்தாது. பளபளப்புக்காக யாராவது அந்த டப்பாவைத் திறந்துவிட்டால் முடிந்தது கதை. மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பில்தான் கூடுதல் சந்தேகம் வேண்டும். ஈய நிறமிகள் பழக்கமாகச் சேர்ந்த நிறங்கள் அவை. அதனால் பொம்மை எடுக்கும் இடத்தில் கேட்க வேண்டியது விலை மட்டுமல்ல. டப்பாவின் முன்பக்கம் பின்பக்கம் இரண்டையும் போட்டோ எடுங்கள், பில் வாங்குங்கள், அந்த லாட்டுக்கு ஒரு பேட்ச் எண் கொடுத்து பொம்மையின் அடியில் எழுதுங்கள். பேட்ச் எண் இல்லாவிட்டால், நாளைக்கு ஒரு நிறத்தில் பிரச்சினை வந்தால் அந்த வருடம் விற்ற மொத்தத்தையும் திரும்பப் பெற வேண்டியிருக்கும்.

அடுத்தது, இது அலங்காரப் பொருளா, விளையாட்டுச் சாமானா? நாட்டுப்புற, அலங்கார பொம்மைகளுக்கு ஐரோப்பிய விளையாட்டுப் பொருள் சட்டத்தில் விலக்கு இருக்கிறது. ஆனால் "14 வயதும் அதற்கு மேலும் உள்ள சேகரிப்பாளர்களுக்கு" என்று பொருளிலோ பெட்டியிலோ கண்ணில் படும்படி போட்டிருக்க வேண்டும். பெட்டியில் அப்படிப் போட்டுவிட்டு, விற்பனைப் பக்கத்தின் டேக்கில் "கிட்ஸ் கிஃப்ட்" என்று சேர்த்தால் உங்கள் டேக்கே உங்களுக்கு எதிர்சாட்சி.

செப்புச் சாமானுக்கு இந்த வழி கிடையாது. அது விளையாட்டுப் பொருள்தான். ஐரோப்பிய விதிகளுக்கு உட்பட்டது என்று காட்டும் சிஇ குறி வேண்டும், விளையாட்டுப் பொருளுக்கான ஐரோப்பியத் தரமான இஎன் 71 சோதனை வேண்டும். அந்தச் சோதனைக்கு 31.7 மி.மீ. விட்டமுள்ள, உள்ளே வெற்றிடமான ஒரு உருளை வைத்திருப்பார்கள். அதன் அடி சாய்வானது, ஆழம் 25.4-லிருந்து 57.1 மி.மீ. வரை. அதற்குள் முழுசாக அடங்குவது எல்லாம் "சிறு பாகம்". மூடி, கரண்டி, அரிவாள்மனைக் கட்டை எல்லாமே உள்ளே போய்விடும். அப்படியென்றால் 36 மாதத்துக்குக் குறைந்த குழந்தைகளுக்கு ஆகாது, தொண்டையில் சிக்கும் அபாயம் என்ற எச்சரிக்கை கட்டாயம். கிலுகிலுப்பைக்கு இந்த எச்சரிக்கையைப் போட்டுத் தப்பிக்க முடியாது. அது கைக்குழந்தைக்கானது என்று பார்த்தாலே தெரியும். உருளைச் சோதனையை வீட்டிலேயே செய்து பார்க்கலாம். சாயத்திலிருந்து ஈயம் கசிகிறதா என்பதை (சுரண்டி எடுத்த பூச்சில் கிலோவுக்கு 23 மி.கி. வரம்பு) லேப்தான் சொல்ல முடியும்.

இப்போது முகவரிக்கு வருவோம். "பெரியப்பா பையன் பாரிஸில் இருக்கான், அவன் பெயரைப் போட்டுக்கலாமா?" போடலாம், எழுத்துப்பூர்வ நியமனக் கடிதம் இருந்தால். ஆனால் அவர் வீட்டு முகவரி உங்கள் கடைப் பக்கத்தில் உலகத்துக்கே தெரியும். பிரெஞ்சு அதிகாரி கேட்டால் கோப்பை எடுத்துக் காட்ட வேண்டியவர் அவர். பொருள் கோப்போடு ஒத்துப்போகிறதா என்று அவ்வப்போது சரிபார்க்க வேண்டியதும் அவர்தான். பாசத்துக்காக யாரையும் இதில் இழுத்துவிடாதீர்கள். பணம் வாங்கிக்கொண்டு எந்தக் கோப்பும் கேட்காமல் முகவரி கொடுக்கிறவர்களையும் நான் நம்பமாட்டேன். கேள்வி கேட்டுக் குடைகிற ஏஜென்சிதான் நல்ல ஏஜென்சி.

சட்டத்தின் நோக்கத்தோடு எனக்குச் சண்டை இல்லை. ஈயம் கலந்த பொம்மையைக் குழந்தை வாயில் வைப்பதைத் தடுக்கத்தான் வேண்டும். என் ஆட்சேபம், பத்து பொம்மை விற்கிறவரும் பத்தாயிரம் விற்கிறவரும் ஒரே நிலையான செலவைச் சுமக்க வேண்டியிருப்பதில்தான். பெரிய கம்பெனிக்கு அது ஒரு பொம்மைக்குச் சில பைசா. சின்னவருக்கு அது வருட லாபம். அமெரிக்கா இதே சிக்கலில் 2008-இல் மாட்டியது. குழந்தைப் பொருள் சட்டம் வந்ததும் கைவினைஞர்கள் கத்தினார்கள். 2011-இல் திருத்தினார்கள்: ஒரு பொருளை வருடத்துக்கு 7,500-க்கு மேல் செய்யாத, வருமான வரம்புக்குள் இருக்கும் தயாரிப்பாளர் பதிவு செய்துகொண்டால், சில விதிகளுக்கு வெளி லேப் சோதனை தேவையில்லை. பெயின்டில் ஈயம், சிறு பாகம் போன்றவற்றுக்கு மட்டும் லேப் சோதனை அப்படியே இருக்கிறது. விதியைத் தளர்த்தவில்லை, நிரூபிக்கும் செலவைத்தான் குறைத்தார்கள். ஐரோப்பா இதைச் செய்யாததற்கு எனக்கு நியாயமான காரணம் எதுவும் தெரியவில்லை.

அதுவரைக்கும், 27 நாட்டையும் திறந்து வைக்காதீர்கள். ஆர்டர் வரும் இரண்டு மூன்று நாடுகளை மட்டும் வைத்துக்கொண்டால் எச்சரிக்கை வாசகமும் இரண்டு மூன்று மொழியோடு முடியும். ஜெர்மனியைத் திறந்தால் பேக்கேஜிங்குக்கான லூசிட் (அந்த நாட்டின் பேக்கேஜிங் பதிவேடு) பதிவும் சேர்ந்து வரும். அதற்கும் குறைந்தபட்ச அளவு என்று ஒன்று இல்லை. வேண்டாம் என்று முடிவு செய்தவர்கள், விவரணையில் "ஐரோப்பாவுக்கு அனுப்புவதில்லை" என்று எழுதினால் போதாது, ஷிப்பிங் அமைப்பிலேயே அந்த நாடுகளை அணைக்க வேண்டும். லண்டனுக்கு இந்தச் சட்டம் பொருந்தாது, ஆனால் பெல்ஃபாஸ்டுக்குப் பொருந்தும். பிரிட்டனை மட்டும் திறந்து வைத்திருப்பவர்கள் வட அயர்லாந்து ஆர்டர்களைத் தனியாகப் பாருங்கள். அங்கே பின்கோடு "BT" என்ற எழுத்துகளில் ஆரம்பிக்கும்.