ராமானுஜன் பெயரைச் சொல்லிப் பிள்ளைகளைப் பிரிக்காதீர்கள்

ஒரு பள்ளி ஆண்டு விழாவில் ஒருவர் பேசிய பேச்சின் வீடியோவை நேற்றிலிருந்து ஆள் மாற்றி ஆள் எனக்கு அனுப்பிக்கொண்டே இருக்கிறீர்கள். பேசியவர் யார், எந்தப் பள்ளி என்பதெல்லாம் உங்களுக்குத் தெரியும் என்பதால் நான் பெயர் சொல்லவில்லை. என் வயிற்றெரிச்சல் அவர் சொன்ன ஒரு விஷயத்தைப் பற்றியது. ராமானுஜனை யாரும் உருவாக்கவில்லையாம், அவர் அப்படியே பிறந்தாராம், அப்படிப் பிறந்த பிள்ளைகளைச் சின்ன வயதிலேயே கண்டுபிடித்துத் தனியாக எடுத்துவிட வேண்டுமாம். அரங்கமே கைதட்டியது. அந்தக் கைதட்டல் அடங்குவதற்குள் தாளாளர் எழுந்து, வரும் ஆண்டு ஆறாம் வகுப்புக்கு ஐக்யூ டெஸ்ட், அதாவது அறிவுத்திறனை எண்ணாக அளக்கும் சோதனை, வைத்து, அதில் வரும் எண்ணை வைத்து செக்ஷன் பிரிக்கப்போவதாக அறிவித்தார். ராமானுஜனைப் பாராட்டிய பாராட்டு எதற்கு என்று அப்போதுதான் புரிந்தது.

பிறவி மேதை என்று ஒருவரைச் சொல்லிவிட்டால் மற்றவர்களுக்கு வேலை மிச்சம். இதை இந்தப் பதிவில் நான் திரும்பத் திரும்பச் சொல்வேன், பொறுத்துக்கொள்ளுங்கள். ஒருவன் பிறக்கும்போதே எல்லாவற்றையும் கொண்டுவந்துவிட்டான் என்றால் அவனுக்கு யாரும் எதுவும் தர வேண்டியதில்லை. இன்னொருவன் எதையும் கொண்டுவரவில்லை என்றால் அவனுக்குத் தந்து பயனில்லை. இரண்டு பக்கமும் கையைக் கட்டிக்கொண்டு உட்காரலாம்.

சரி, ராமானுஜனையே எடுத்துக்கொள்வோம். கும்பகோணத்தில் அப்பா ஜவுளிக்கடையில் கணக்கு எழுதியவர். வீட்டில் தங்கிப் படித்த கல்லூரி மாணவர்களிடமிருந்து பையனுக்குக் கணக்கும் கிடைத்தது, புத்தகமும் கிடைத்தது. 1903இல் கார் என்பவர் தொகுத்த கணிதத் தொகுப்பு ஒன்று அவர் கைக்கு வந்தது. கேம்பிரிட்ஜ் தேர்வுக்குத் தயாராகும் மாணவர்களுக்காகச் செய்த புத்தகம். ஆயிரக்கணக்கான தேற்றங்கள் வரிசையாக இருக்கும், நிரூபணம் பெரும்பாலும் இருக்காது. அவற்றை ஒவ்வொன்றாகத் தானே நிறுவிப் பார்க்க உட்கார்ந்தார். காகிதம் வாங்கக் காசில்லாமல் சிலேட்டில் போட்டு, முழங்கையால் அழித்து, மறுபடி போட்டு, முடிவை மட்டும் நோட்டில் எழுதிவைத்தார். ஆண்டுக்கணக்கில் நடந்த வேலை இது. அழிந்துபோன அந்தச் சிலேட்டுக் கணக்குகள் நம் கண்ணில் படவில்லை என்பதற்காக, எல்லாம் பிறந்தபோதே வந்தது என்று மேடையில் சொல்லிவிடுவதா?

"குலதெய்வம் நாமகிரித் தாயார் கனவில் வந்து சொன்னார் என்று அவரே சொல்லியிருக்கிறாரே" என்று நிச்சயம் ஒருவர் கமெண்டில் வருவார். சொன்னார்தான். அவருடைய பக்தியை நான் கேள்வி கேட்கவில்லை, கேட்கவும் மாட்டேன். ஆனால் கண் விழித்த பிறகு உட்கார்ந்து போட்டுப் பார்த்தவர் அவர். கேம்பிரிட்ஜ் கணிதப் பேராசிரியர் ஹார்டிக்கு 1913இல் எழுதிய கடிதங்களில் பகா எண்களைப் பற்றி அவர் சொன்ன சில முடிவுகள் தவறு என்று தெரியவந்தது. கேம்பிரிட்ஜ் போனபின் அங்கே கற்றுக்கொண்டார். 1918இல் ஹார்டியும் அவரும் சேர்ந்து எண் பிரிவினைகளைப் பற்றி (ஒரு முழு எண்ணைச் சிறிய முழு எண்களின் கூட்டலாக எத்தனை விதமாக எழுதலாம் என்பது) எழுதிய புகழ்பெற்ற கட்டுரைக்கு, 200 வரைக்குமான எண்களுக்கு அந்த மதிப்புகளைக் கையாலேயே கணக்கிட்டுக் கொடுத்தவர் மக்மஹோன் என்ற கணிதவியலாளர். அவ்வளவு பெரிய மூளைக்கும் பக்கத்தில் ஆள் தேவைப்பட்டது.

அந்தப் பேச்சாளர் சொல்லாமல் விட்ட பகுதிதான் என்னை உறுத்துகிறது. 1904இல் உதவித்தொகையோடு கும்பகோணம் அரசுக் கல்லூரியில் சேர்ந்தவர், கணக்கைத் தவிர வேறெதிலும் மனம் போகாமல் அந்த உதவித்தொகையை இழந்தார். பிறகு சென்னை பச்சையப்பன் கல்லூரி. பட்டப் படிப்புக்கு முந்தைய எஃப்.ஏ. தேர்வில் தோல்வி, மறுபடியும் தோல்வி. பட்டமும் இல்லை, வேலையும் இல்லை. 1910இல் திருக்கோவிலூரில் டெபுடி கலெக்டராக இருந்த ராமசுவாமி ஐயர் அந்த நோட்டைப் புரட்டிப் பார்த்தார். இந்தியக் கணிதக் கழகத்தைத் தொடங்கியவரே அவர்தான், அதனால் தன் கையில் இருப்பது என்ன என்று அவருக்குத் தெரிந்தது. நெல்லூர் கலெக்டர் ராமச்சந்திர ராவ் மாதம் 25 ரூபாய் கொடுத்தார். 1912இல் சென்னைத் துறைமுகத்தில் 30 ரூபாய்க்குக் குமாஸ்தா வேலை. அங்கே நாராயண ஐயர் என்ற மேலதிகாரி அவரோடு உட்கார்ந்து கணக்குப் போட்டார். துறைமுகத் தலைவர் பிரான்சிஸ் ஸ்பிரிங் அவருக்காகப் பேசினார். 1913இல் சென்னைப் பல்கலைக்கழகம் மாதம் 75 ரூபாய் கொடுத்தது. இத்தனை பேர் கை கொடுத்துத்தான் 1914 மார்ச்சில் அவர் கப்பல் ஏறினார்.

இவர்களில் ஒருவராவது "இவன் பிறவி மேதை, எப்படியும் மேலே வந்துவிடுவான்" என்று நோட்டைத் திருப்பிக் கொடுத்திருந்தால்?

அவர் 32 வயதில் இறந்ததைத்தான் எல்லோரும் சோகம் என்கிறோம். ஹார்டி அப்படி எழுதவில்லை. ஆதரவில்லாமல் அலைந்த அந்த ஐந்து ஆண்டுகளில் அந்த மேதைமை திசை மாறிப்போனதுதான் உண்மையான சோகம் என்று எழுதினார். பிறந்ததோடு எல்லாம் முடிந்துவிட்டது என்றால் அந்த ஐந்து ஆண்டுகளால் என்ன நஷ்டம் வந்திருக்கும்? இதற்கு அந்த மேடையிலிருந்து ஒரு பதில் வேண்டும்.

அடுத்து ஐக்யூ டெஸ்ட். 1905இல் பாரிஸில் இந்த வகைச் சோதனையை உருவாக்கிய ஆல்ஃபிரட் பினே, பள்ளியில் கூடுதல் உதவி தேவைப்படும் பிள்ளைகளைக் கண்டுபிடிக்கத்தான் அதைச் செய்தார். யாருக்கு அதிகம் சொல்லித்தர வேண்டும் என்று அறிவதற்கு. அறிவு என்பது கூட்ட முடியாத ஒரு நிலையான அளவு என்று சொன்னவர்களைக் கண்டித்தும் அவர் எழுதியிருக்கிறார். அந்தச் சோதனையை எடுத்துவைத்துக்கொண்டு அவர் நினைத்ததற்கு நேர் எதிராகச் செய்யப்போகிறார்கள்.

அமெரிக்காவில் லூயிஸ் டெர்மன் என்ற உளவியலாளர் 1921இல் இதைப் பெரிய அளவில் செய்தும் பார்த்துவிட்டார். கலிஃபோர்னியாவில் ஐக்யூ மிக உயர்ந்த பிள்ளைகள் என்று ஆயிரத்து ஐந்நூறு பேருக்கு மேல் பொறுக்கி எடுத்து, அவர்களை ஆயுள் முழுக்கப் பின்தொடரும் ஆய்வைத் தொடங்கினார். பலர் நன்றாகப் படித்தார்கள், நல்ல வேலைகளுக்குப் போனார்கள். ஒருவரும் நோபல் பரிசு பெறவில்லை. எண் போதவில்லை என்று அந்தச் சோதனையில் கழித்துவிடப்பட்ட சிறுவர்களில் இரண்டு பேர் பின்னாளில் இயற்பியல் நோபல் வாங்கினார்கள். வில்லியம் ஷாக்லி 1956இல், லூயிஸ் அல்வாரெஸ் 1968இல். ஆறாம் வகுப்பில் பிரித்துவிடலாம் என்று அவ்வளவு உறுதியாகச் சொல்கிறவர்கள் இதைக் கொஞ்சம் யோசிக்கக் கூடாதா?

"இரட்டைக் குழந்தைகளை வைத்துச் செய்த ஆய்வுகள் இருக்கின்றன, மரபணுவுக்குப் பங்கு உண்டு" என்பார்கள். உண்டு. எனக்கும் தெரியும். எல்லாக் குழந்தையும் ஒன்று என்றோ, எல்லோரும் ராமானுஜன் ஆகலாம் என்றோ நான் எங்கேயும் சொல்லவில்லை. அதே சமயம், இருபதாம் நூற்றாண்டு முழுக்கப் பல நாடுகளில் ஐக்யூ மதிப்பெண்கள் பத்தாண்டுக்குச் சுமார் 3 புள்ளி வீதம் ஏறியதை ஜேம்ஸ் ஃபிளின் என்ற ஆய்வாளர் எடுத்துக் காட்டினார். ஓரிரு தலைமுறையில் மரபணு மாறிவிடாது. பள்ளி மாறியது, சாப்பாடு மாறியது, வாழ்க்கை மாறியது.

நான் பாலிடெக்னிக்கில் கணக்கு நடத்துகிறேன் என்பது உங்களுக்குத் தெரியும். ஒவ்வொரு வருடமும் முதல் வாரத்தில் என் வகுப்பில் கேட்கும் வாக்கியம், "எனக்கு மேத்ஸ் வராது சார்." பையன்கள் இதைத் தங்கள் இரத்தப் பிரிவைச் சொல்வதுபோல் சொல்கிறார்கள். வெட்கம்கூட இல்லை, அவ்வளவு உறுதியாக நம்புகிறார்கள். அதே பையன் ஒர்க்‌ஷாப்பில் லேத் மெஷின் முன்னால் நின்று டேப்பர் டர்னிங் போடுகிறான், அதாவது உலோகத் தண்டை ஒரு பக்கம் சிறுத்துவரும்படி கடைகிறான். பெரிய விட்டத்திலிருந்து சின்ன விட்டத்தைக் கழித்து, நீளத்தின் இரண்டு மடங்கால் வகுத்து, வரும் எண்ணை டேன் (tan) மதிப்பாக வைத்து அதற்கு உரிய கோணத்தைக் கண்டுபிடித்து, வெட்டும் கருவியைத் தாங்கும் காம்பவுண்ட் ரெஸ்டைத் திருப்புகிறான். இதுதானப்பா திரிகோணமிதி என்றால் நம்ப மறுக்கிறான். "அது வேலை சார், மேத்ஸ் வேற" என்கிறான். அவனுக்கு வராது என்று யார் சொன்னது? எந்த வகுப்பில், எந்தப் பரீட்சைக்குப் பிறகு? கேட்டுப் பார்த்தால் பெரும்பாலும் ஐந்தாவதோ ஆறாவதோ என்றுதான் பதில் வரும்.

என்னையும் அப்படித்தான் உட்காரவைத்தார்கள். ஆறாவதில் ஒரு நுழைவுத் தேர்வு, அதற்குப் பிறகு சி செக்ஷன். ஏ செக்ஷனுக்கு நல்ல கணக்கு வாத்தியார் போனார். எங்களுக்கு வந்தவர் விளையாட்டு ஆசிரியர், அவரும் பாதி நாள் மைதானத்தில் இருப்பார். வருடக் கடைசியில் மார்க் குறைந்தபோது, பார்த்தீர்களா, நாங்கள் பிரித்தது சரிதான் என்றார்கள். அப்பாவைக் கூப்பிட்டு என் எதிரிலேயே சொன்னார்கள். அப்பா வீட்டுக்கு வந்தும் ஒரு வார்த்தை பேசவில்லை. என் அக்காதான் தினமும் ராத்திரி தன் பழைய நோட்டை எடுத்துவைத்து எனக்கு அல்ஜீப்ரா சொல்லிக் கொடுத்தாள். அவள் அப்போது பத்தாவது, அவளுக்கே பொதுத்தேர்வு. எனக்கு அக்கா இருந்தாள். என் பெஞ்சில் இருந்த மற்றவர்களுக்கு யார் இருந்தார்கள்? அவர்களில் ஒருவன் என்னைவிட வேகமாக மனக்கணக்குப் போடுவான். எட்டாவதோடு நின்றுவிட்டான். அவனை இழந்ததற்கு யாரும் எங்கேயும் கணக்கு எழுதவில்லை. வாழ்க்கையில் முன்னேறினாயே, பிறகென்ன கோபம் என்று என்னிடம் கேட்கிறவர்களுக்கு இதுதான் என் பதில்.

"அப்படியானால் நன்றாகப் படிக்கும் பிள்ளையைப் பிடித்து நிறுத்த வேண்டுமா?" ஐயா, யார் அப்படிச் சொன்னது? வேகமாகப் போகிற பிள்ளைக்குக் கூடுதல் புத்தகம் கொடுங்கள், மாலையில் தனியாகக் கணித மன்றம் நடத்துங்கள், ஒலிம்பியாடுக்குத் தயார் செய்யுங்கள். அதற்குப் பக்கத்துப் பெஞ்சுப் பிள்ளையை வேறு அறைக்கு ஏன் அனுப்ப வேண்டும்? பத்து வயதுப் பிள்ளை நெற்றியில் ஒரு எண்ணை ஒட்டி, அதற்கு ராமானுஜனைச் சாட்சிக்கு அழைக்கிறீர்கள். எஃப்.ஏ.கூடத் தேறாதவர் அவர். உங்கள் பள்ளி அவரை எந்தச் செக்ஷனில் போட்டிருக்கும் என்று எனக்கு நன்றாகவே தெரியும்.

இதை நான் இவ்வளவு எழுதுவதற்கு இன்னொரு காரணமும் உண்டு. அந்த அக்காவின் மகள் இப்போது அதே பள்ளியில் ஐந்தாவது படிக்கிறாள். டெஸ்டுக்குச் சம்மதம் கேட்டு வீட்டுக்குப் படிவம் வந்திருக்கிறது, வெள்ளிக்கிழமைக்குள் கையெழுத்துப் போட்டுத் தர வேண்டுமாம். அக்கா போடவில்லை. வேறு யாருக்காவது அந்தப் படிவம் வந்திருந்தால், கையெழுத்துப் போடும் முன் தலைமை ஆசிரியரைப் பார்த்து இரண்டு விஷயம் எழுத்தில் வாங்குங்கள்: கடைசி செக்ஷனுக்குக் கணக்கு எடுக்கப்போகிற ஆசிரியர் யார், அங்கே போன பிள்ளை எப்போது, எந்த வழியில் வெளியே வரலாம்.